அத்தியாயம் 7: பட்டின் நிறம் திரையில் மாறாமல் இருக்க

காஞ்சிபுரத்தில் சேலை எடுக்க வருகிறவர்கள் பிடித்த சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை கடை வாசலுக்கு வந்து விரித்துப் பார்ப்பார்கள். உள்ளே எரியும் விளக்கில் ஒரு நிறம், பகல் வெளிச்சத்தில் இன்னொரு நிறம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் பல தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம். கைபேசியில் படம் பார்த்துச் சேலை வாங்குகிறவருக்கு அந்த வாசல் கிடைப்பதில்லை. நாம் அனுப்பும் படத்தை நம்பித்தான் அவர் பணம் கட்டுகிறார். பார்சலைப் பிரித்ததும், "அண்ணா, படத்துல நல்ல அரக்கா இருந்துச்சு, வந்தது என்னமோ பிரவுனாட்டம் இருக்கே" என்று அவர் போன் செய்தால், சேலை திரும்பி வரும். நம் பேரும் கெடும்.

கூரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தங்கள் தறியில் நெய்ததைத் தாங்களே படமெடுத்து வாட்ஸ்அப்பிலோ இணையக் கடையிலோ விற்க நினைக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். காஞ்சிப் பட்டு 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீடு சேலையின் பூர்விகத்துக்குச் சாட்சி சொல்லும். படத்தில் தெரியும் நிறத்துக்குச் சொல்லாது. அதற்குப் பொறுப்பு நாம்தான்.

வேலையின் வரிசை முக்கியம். படத்தைத் திருத்துவதற்கு முன்னால் திரையைச் சரிசெய்ய வேண்டும். திரையைச் சரிசெய்வதற்கு முன்னால் அறையைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போட்டோஷாப்பில் ஒவ்வொரு சேலையாக மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

அறை

நம் பக்கத்து வீடுகளில் சுவருக்குக் கிளிப்பச்சை, ரோஸ், வானநீலம் என்று அடிப்பது வழக்கம். பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சேலை மேலும் திரை மேலும் விழுகிறது. நம் கண்ணோ சுற்றியிருக்கும் நிறத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். பச்சை அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், சரியான வெள்ளையே லேசாகச் சிவந்து தெரியும். வீடு முழுக்க மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம். கணினிக்குப் பின்னாலும் பக்கத்திலும் சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். திரையின் முகப்புப் படத்தையும் வெறும் சாம்பல் நிறமாக மாற்றுங்கள்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் "கூல் டே லைட்" என்று விற்கும் எல்இடி பல்பு பெரும்பாலும் 6500 கெல்வின். வெளிச்சம் வெள்ளையா மஞ்சளா என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். அதன் கீழே நிறங்கள் உள்ளபடி தெரியுமா என்பதற்கு சிஆர்ஐ என்ற வேறொரு எண் இருக்கிறது. சாதாரண பல்புகளில் அது 80 அளவில் இருக்கும். 80 என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணை, அழுத்தமில்லாத எட்டு நிறங்களைச் சோதித்து அவற்றின் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதற்கென்று ஆர்9 என்ற தனி எண் உண்டு. மலிவான பல்புகளில் அது படுமோசமாக இருக்கும். நமக்கோ அரக்கும் குங்குமச் சிவப்பும்தான் பிழைப்பு. ஆகவே சிஆர்ஐ 90-க்கு மேல் இருக்கும், ஆர்9 மதிப்பையும் அட்டையில் அச்சிட்டிருக்கும் விளக்காகக் கேட்டு வாங்குங்கள். மேசைக்கு மேல் ஒன்று, படமெடுக்கும் இடத்துக்கு இரண்டு போதும். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும்.

திரை

லேப்டாப்பின் விவரப் பட்டியலில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் அதை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். இணையத்தின் பொது நிற அளவான எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ராணி பிங்க் சேலையைப் படமெடுத்துத் திறக்கிறீர்கள். திரையால் அந்த நிறத்தைக் காட்ட முடியவில்லை, சோகையாகத் தெரிகிறது. நிறம் போதவில்லை என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறீர்கள். உங்கள் திரையில் இப்போது சரியாக இருக்கிறது. வாங்குகிறவரின் நல்ல கைபேசியில் அதே படம் கண்ணைப் பறிக்கிறது. "72 சதவீதம் என்டிஎஸ்சி" அல்லது "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று இருப்பதை வாங்குங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் குறிக்கின்றன.

ஐபிஎஸ் வகைத் திரையாக இருப்பது அவசியம். பழைய டிஎன் வகையில் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாலே நிறம் மாறும். என்னைக் கேட்டால், லேப்டாப்போடு தனியாக 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றை இணைத்துக்கொண்டு, நிறம் பார்க்கும் வேலையை அதில் மட்டும் வைத்துக்கொள்வதே சிறந்தது. அகன்ற நிறப்பரப்புள்ள விலையுயர்ந்த மானிட்டர் வாங்கியிருந்தால் அதன் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நிறத்தைச் சட்டை செய்யாத செயலிகளில் எல்லாச் சேலையும் பளபளவென்று பொய்யாகத் தெரியும்.

வேலை தொடங்குமுன் அணைக்க வேண்டியவை சில உண்டு. விண்டோஸில் நைட் லைட், எச்டிஆர், படத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைத் தானே மாற்றும் வசதி. மேக்கில் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட். இவை ஒவ்வொன்றும் உங்களுக்குத் தெரியாமல் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அளவுத்திருத்தம்

திரையைச் சரிசெய்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, திரையின் வெண்மை, வெளிச்சம், காமா (கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட வெளிச்சப் படிகளின் ஏற்றம்) ஆகியவற்றைத் தீர்மானித்த அளவுக்குக் கொண்டுவருவது. இதுதான் கேலிபரேஷன். இரண்டாவது, அதன் பிறகும் அந்தத் திரையில் மிச்சமிருக்கும் குணங்களை அளந்து ஒரு கோப்பில் எழுதிவைப்பது. இந்தக் கோப்புதான் ப்ரொஃபைல். போட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் அதைப் படித்து, இந்தத் திரைக்கு எந்த எண்ணை அனுப்பினால் சரியான நிறம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்கின்றன. இந்தக் கோப்புக்குப் பொதுவான வடிவத்தை வகுத்த ஐசிசி அமைப்பு 1993-ல் தொடங்கியது. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபியைக் கொண்டுவந்தது 1996-ல். இன்றைக்கும் இணையம் நடப்பது இவற்றை வைத்துத்தான்.

இதற்குக் கலரிமீட்டர் என்ற சிறிய கருவி வேண்டும். கேலிபிரைட், டேட்டாகலர் கம்பெனிகளின் கருவிகள் இந்தியாவில் கிடைக்கின்றன. விலை ஒரு நடுத்தரப் பட்டுச்சேலையின் விலைதான். கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்காவிட்டால் டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

திரையை அரை மணி நேரம் எரியவிட்டுச் சூடேற்றுங்கள். மென்பொருளில் இலக்குகளை இப்படி வையுங்கள்: வெண்மை 6500 கெல்வின், அதாவது டி65, காமா 2.2, வெளிச்சம் 100 முதல் 120 நிட் வரை. புது மானிட்டர்கள் பெரும்பாலும் 250 நிட்டுக்கு மேல் பிரகாசமாகவே வருகின்றன. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து திருத்தினால் படத்தை நீங்கள் அறியாமலேயே இருட்டாக்கிவிடுவீர்கள். சேலைப் படங்கள் மங்கலாக இருப்பதற்குக் கேமராவைவிட இந்தப் பிரகாசமே அதிகக் காரணம் என்பது என் கணிப்பு. மானிட்டரின் சொந்தப் பட்டன்களைக் கொண்டு வெளிச்சத்தையும், சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவையும் முடிந்தவரை இலக்குக்கு அருகில் கொண்டுவந்த பிறகு, மிச்சத்தை மென்பொருளிடம் விடுங்கள். கருவியைத் திரைமேல் தொங்கவிட்டதும் அது நிறச் சதுரங்களை ஒவ்வொன்றாக அளக்கும். அறை விளக்கு திரைமேல் நேராக விழக் கூடாது. முடிந்ததும் டெல்டா இ என்ற பிழை அளவைக் காட்டும். சராசரி 2-க்குக் கீழே இருந்தால் போதும். திரைக்கு வயது ஏறும்போது நிறம் நகரும் என்பதால் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

கருவி இப்போதைக்குக் கட்டுப்படியாகாது என்றால் விண்டோஸ், மேக் இரண்டிலும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வசதி உள்ளே இருக்கிறது. காமாவை ஓரளவு அதில் பிடித்துவிடலாம். வெளிச்சத்துக்கு ஒரு வழி: மேசை விளக்கின் கீழே வெள்ளை ஏ4 தாளை வைத்து, திரையில் வெறும் வெள்ளையைத் திறந்து, இரண்டும் ஒரே பிரகாசமாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பிரகாசத்துக்கு மட்டும்தான் தாள். அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால் வெண்மையை ஒப்பிட அது உதவாது.

மென்பொருள்

போட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் ஆர்ஜிபி வேலைப்பரப்பாக எஸ்ஆர்ஜிபியை வையுங்கள். படத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் ப்ரொஃபைலைக் காப்பாற்று, ப்ரொஃபைல் இல்லாவிட்டால் கேள் என்ற இரண்டையும் தேர்ந்தெடுங்கள். மானிட்டரின் ப்ரொஃபைலைக் கொண்டுபோய் வேலைப்பரப்பாக வைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் கோப்பு விண்டோஸின் கலர் மேனேஜ்மென்டில் இருக்க வேண்டியது. அங்கே இருந்தால் போட்டோஷாப் தானாக எடுத்துக்கொள்ளும்.

"அசைன் ப்ரொஃபைல்", "கன்வர்ட் டு ப்ரொஃபைல்" என்று இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து இருக்கும். அசைன் செய்தால் எண்கள் அப்படியே இருக்க, நிறம் மாறும். கன்வர்ட் செய்தால் நிறம் கூடியவரை அப்படியே இருக்க, எண்கள் மாறும். உங்களுக்குத் தேவைப்படுவது அநேகமாக எப்போதும் கன்வர்ட்தான்.

அடோபி ஆர்ஜிபி வேண்டாமா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். 1998-ல் வந்த அந்தப் பரப்பு, அச்சு மையில் வரக்கூடிய பச்சை-நீல நிறங்களையும் அடக்குவதற்காக அகலமாக வகுக்கப்பட்டது. கைபேசியில் பார்க்கப் போகும் சேலைக்கு அதனால் லாபம் குறைவு, குழப்பம் அதிகம். கேமராவில் ரா கோப்பாக எடுங்கள், 16 பிட்டில் திருத்துங்கள், எஸ்ஆர்ஜிபியில் வெளியே அனுப்புங்கள். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிள், ரா தெரபி, கிம்ப் இருக்கின்றன. மூன்றும் இலவசம், மூன்றும் திரையின் ப்ரொஃபைலை மதிக்கும்.

சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு

இனிமேல்தான் நம் சொந்த வேலை. படத்தைத் திருத்தும்போது அந்தச் சேலை நல்ல விளக்கின் கீழே, திரைக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். நினைவிலிருந்து நிறத்தைத் திருத்த யாராலும் முடியாது. எம்.எஸ். ப்ளூவையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் கொண்டுவந்த அந்த நீலத்தைத் தெரியாதவர் காஞ்சிபுரத்தில் இல்லை. ஆனாலும் பத்துப் பேரைக் கேட்டால் பத்து நீலத்தைக் காட்டுவார்கள்.

ஒவ்வொரு தொகுப்பின் முதல் படத்திலும் சேலைமேல் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுங்கள். 1976-ல் வந்த, 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை இருந்தால் இன்னும் நல்லது. அட்டைக்குப் பதிலாக வெள்ளை வேட்டியை வைத்து வெண்மையைச் சரிசெய்கிறவர்கள் உண்டு. அது கூடவே கூடாது. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி நீலம் கலந்த வெள்ளை. அதை நடுநிலை என்று மென்பொருளிடம் சொன்னால், அந்த நீலத்தை எடுப்பதற்காகப் படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். அட்டை வாங்கும்வரை, பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஓர் அட்டையில் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நம்பகமான வெள்ளை அதுதான்.

சிவப்பில் ஒரு தனிக் கவனம் வேண்டும். குங்குமச் சிவப்புச் சேலையின் ஹிஸ்டோகிராமைத் திறந்து மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் 255-ல் முட்டி நிற்கும். முட்டிய இடத்தில் இழை தெரியாது. நெசவு போய் பிளாஸ்டிக் தாள் போல ஆகிவிடும். கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்து, பிறகு நடு வெளிச்சத்தை மட்டும் ஏற்றுங்கள். நிற அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை. நெசவு தெரிவது முக்கியம்.

கத்தரிப்பூ நிறம் கேமராவில் நீலமாகவே விழும். இது உங்கள் திரையின் குற்றமல்ல. சென்சாரும் கண்ணும் அந்தச் சாயத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கலர்செக்கரை வைத்துக் கேமராவுக்கு ஒரு ப்ரொஃபைல் செய்துகொண்டால் பாதி சரியாகும். மீதியை, ஊதா நிறத்தை மட்டும் தேர்ந்து சிவப்புப் பக்கம் நகர்த்தி, சேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

மயில் கழுத்துக்கு ஒரே நிறம் என்பதே கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பச்சைப் பாவில் நீல ஊடை ஓடினால், ஒரு பக்கம் நின்று பார்க்கும்போது பச்சை மேலே வரும், இன்னொரு பக்கம் நீலம் மேலே வரும். பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருப்பதால் வெளிச்சத்தைத் திசைக்கொரு விதமாகத் திருப்பும்; இந்த விளையாட்டு இன்னும் கூடும். இதை ஒரு படத்தில் அடக்க முயலாதீர்கள். மடிப்பு விழும்படி விரித்து இரண்டு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். இரண்டுக்கும் ஒரே வெண்மை அமைப்பைக் கொடுங்கள். தனித்தனியாகத் திருத்தினால் இரண்டு சேலை போலத் தெரியும். கூடவே ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையை மெல்ல அசைத்துப் பத்து விநாடி வீடியோ ஒன்று. "பாவு பச்சை, ஊடை நீலம்" என்று எழுத்திலும் சொல்லிவிடுங்கள். நிறத்தை வார்த்தையில் எழுதுவதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். வாங்குகிறவரின் திரை நம் கையில் இல்லை, வார்த்தை இருக்கிறது.

ஜரிகை உலோகம். எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். பச்சைச் சுவருக்கு எதிரே வைத்தால் பச்சை ஜரிகை, நீலச் சட்டை போட்டுக்கொண்டு படமெடுத்தால் நீலம் தோய்ந்த ஜரிகை. பெரிய வெள்ளைத் தெர்மோகோல் தாளைச் சாய்த்து நிறுத்தி, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுங்கள். ஜரிகை பொன்னாகவே விழும். திரையில் அதைச் சரிசெய்ய நினைத்தால் சேலை உடலின் நிறமும் கூடவே நகர்ந்துவிடும்.

கோயில் படங்கள்

இதே கணினியில் உற்சவப் படங்களையும் திருத்துகிறவர்கள் நம் ஊரில் உண்டு. தை அஸ்தத்தில் கூரத்தாழ்வான் புறப்பாட்டை எடுப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம். தீவட்டி வெளிச்சம் ஏறக்குறைய 1900 கெல்வின். அதை முழுசாக வெள்ளையாக்கினால் மாலையின் பூ நீலம் பாரிக்கும், திருமேனி உயிரிழக்கும். வெண்மையைப் பாதி வழிக்கு மட்டும் கொண்டுவந்து, மீதி மஞ்சளை விட்டுவிடுங்கள். அங்கே நின்று சேவித்தவர்கள் கண்டதும் அதைத்தான்.

வெளியே அனுப்பும்போது

எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலைப் படத்துக்குள் பதித்துச் சேமியுங்கள். அனுப்புமுன் இரண்டு மூன்று கைபேசிகளில் பாருங்கள். சாம்சங் என்றால் நேச்சுரல், விவிட் இரண்டு அமைப்பிலும். விவிட்டில் எல்லாம் துள்ளும். அதற்கு ஏற்றபடி படத்தை மாற்றாதீர்கள். நேச்சுரலில் சேலையோடு ஒத்துப்போனால் போதும்.

கேட்டலாக் அச்சடிக்கச் சிவகாசிக்கு அனுப்புவதானால், அச்சகத்திடம் அவர்களுடைய ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, அச்சில் வரப்போகும் நிறத்தைத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் ஒருமுறை பாருங்கள். ராணி பிங்க் நான்கு மையில் வராது. அது கட்டாயம் வேண்டும் என்றால் ஐந்தாவதாகத் தனி மை ஏற்றச் சொல்ல வேண்டும், செலவு கூடும். அச்சு மாதிரியை 5000 கெல்வின் விளக்கில் வைத்துப் பார்ப்பதே அச்சுத் தொழிலின் முறை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு கலரிமீட்டரை எத்தனை கணினிக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஒரு கணினிக்கு மாதத்தில் அரை மணி நேர வேலைதான். ஒவ்வொரு குடும்பமும் தனியாக வாங்க வேண்டியதில்லை. தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், சங்கத்துக்கு ஒரு கலரிமீட்டரும் ஒரு கலர்செக்கர் அட்டையும் வாங்கி வைக்கச் சொல்லி.